பொல்லுப் பிடித்த சாமி

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே ஒரு பேஸ்போல் ஆட்டக்காரர் கொஞ்சக் காலம் குடியிருந்தார். தலையில் தொப்பி, தோளில் பந்தடிக்கும் பொல்லு, நெற்றியில் சந்தனப் பொட்டு. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டப்பட்டது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் கண்ணால் கண்டவள்.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு பனிக்காலம்தான் கழிந்திருந்தது. அப்பா ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிறேன் என்ற பெயரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டில் இருந்தார். எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு சொல்லும் விசாரணையை இலையுதிர் காலத்துக்கு வைத்திருந்தார்கள். வீட்டில் எது நடந்தாலும் அது அந்தக் கேஸோடு போய் முடிந்தது. பால் பொங்கினால் கேஸுக்கு நல்லது. யாராவது வெளிக்கிடும் நேரத்தில் நான் தும்மினால் கேஸுக்குக் கூடாது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டே பாதி வசந்தத்தைக் கழித்தேன்.

கேஸ் வெல்ல ஊரிலிருந்து கொண்டுவந்த சாமிகள் மட்டும் காணாது என்பது அம்மாவின் கணக்கு. அவர்களுக்கும் எங்களைப் போல இங்கே ஒருவரையும் தெரியாது. இந்த ஊர்ச் சாமி ஒருவர் எங்கள் பக்கம் நின்று நாலு வார்த்தை கதைக்க வேண்டும். நகரத்து மலையிலே கிறிஸ்தவர்களின் பெரிய வேதக்கோயில் ஒன்று இருந்தது. ஊரில் மடுமாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் பழகிய சைவக்காரிக்கு அதில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்கே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரும் பொறுப்பை அம்மா தன் தம்பியிடம் ஒப்படைத்தார்.

அந்த மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கு முந்தி வந்தவர், எங்களோடு இருந்தவர், ஊரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் போலக் கதைப்பவர். வாயில் முன்பக்கம் ஒரு கட்டுப்பல். சோம்பலென்றால் அப்படியொரு சோம்பல். பஸ் பிடித்து, மலையேறி, அத்தனை படி ஏறி மெழுகுதிரி கொளுத்துகிற ஆளா அவர்? தெரு மூலையில் டெப்பனர் என்று சொல்லும் சின்னக் கடையில், கடைக்காரரின் சின்னத் தொலைக்காட்சியில், நகரத்து பேஸ்போல் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கோயிலுக்குப் போய்வந்த முகத்தோடு வீடு திரும்பினார்.

அம்மா வாசலிலேயே மறித்தார். போனாயா என்றார். ஓம் என்றார் மாமா. போனால் ஏதாவது கொடுத்திருப்பார்களே, எங்கே என்றார் அம்மா. கோயிலுக்குப் போய் வெறுங்கையோடு வரலாமா? மாமா சட்டைப் பையைத் தடவினார். கடையில் வாங்கி உடைத்த பக்கெட்டில் மிஞ்சியிருந்த, ஆட்டக்காரர் படம் போட்ட ஓர் அட்டையும் ஒரு சூயிங்கமும்தான் அகப்பட்டன. அவற்றை எடுத்து நீட்டி, மெதுவாகச் சொன்னார்.

“வேதக்கோயில்ல குடுத்தவை, அக்கா.”

சாட்சியங்கள் எல்லாம் மாமாவின் பொய்க்குத்தான் துணை நின்றன. அட்டையின் முன்பக்கத்தில் ஓர் ஆள் முகத்தை நிமிர்த்தி, நேரே பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். மைதானத்து வெளிச்சம் அவர் தலைக்குப் பின்னால் வட்டமாக விழுந்திருக்கிறது. கையில் பொல்லு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த நாட்டு இரண்டு பாசையிலும் நெருக்கி அச்சடித்திருக்கிறது, செபம் போல. சூயிங்கமோ தட்டையாக, இளஞ்சிவப்பாக, மேலெல்லாம் வெள்ளைத் தூள் பூசிக்கொண்டு திருநீற்றுப் பிரசாதமாகவே இருந்தது. அம்மா அட்டையைக் கண்ணில் ஒற்றிச் சாமித்தட்டில் வைத்தார். சூயிங்கத்தை நாலாக உடைத்தார்.

இங்கேதான் மாமா மாட்டினார். பிரசாதத்தைத் துப்பக்கூடாது. அது சைவக்காரர் வீட்டுச் சட்டம். அப்பா தன் பங்கை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் சப்பி, இதென்ன ரப்பர் மாதிரிக் கிடக்கு என்று கேட்டு, அம்மாவின் முறைப்பைக் கண்டு விழுங்கினார். நானும் விழுங்கினேன். மாமாவுக்கு அது கட்டுப்பல்லில் ஒட்டிக்கொண்டது. அம்மா எதிரில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணீர் மல்க விழுங்கினார். என்ன பக்தி என்று அம்மா என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாமா ஒரு சூயிங்கத்தோடு வரவேண்டியதாயிற்று. கூடவே புதுப்புது அட்டைகளும் வந்தன. அம்மா அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, இவர் ஒருவர் போதும் என்று என்னிடம் தந்துவிடுவார். நான் சப்பாத்துப் பெட்டியில் போட்டு வைத்தேன். சூயிங்கம் மட்டும் நாலாக உடைக்கப்பட்டு, பெரிய துண்டு மாமாவுக்குப் போனது. போய்வந்தவருக்குத்தானே புண்ணியம் கூட.

எனக்கு உண்மை தெரிந்தது பள்ளிக்கூட முற்றத்தில். பெடியள் எங்கள் சாமி மாதிரியான அட்டைகளைச் சுவரில் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஐயோ, இவர்கள் கண் அவிந்து போகப்போகிறதே என்று நான் பதறிப்போய் நின்றேன். ஓர் அட்டை என் காலடியில் வந்து விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அது பேஸ்போல், அவர் பந்தடிக்கிறவர், பின்பக்கத்துச் செபம் அவர் எத்தனை தரம் அடித்தார் என்ற விபரம் என்பதெல்லாம் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு ஓடி மாமாவைப் பிடித்தேன். மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அம்மாவிட்டைச் சொல்லிப் போடாதை, பிள்ளை. கேஸ் முடியட்டும். அவா இப்ப அந்த மனிசனைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறா.”

அது எனக்குச் சரியாகவே பட்டது. அம்மா அந்த வீட்டில் பகல் முழுவதும் தனியே இருந்து விளக்கேற்றிக் கும்பிடுவது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கை உடைந்தால் கேஸும் உடைந்துவிடும் என்று நான் உண்மையாகவே பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பிற்காலத்தில் இந்த அட்டைகளின் கதையைத் தேடிப் படித்தேன். முதலில் சிகரெட் பெட்டிக்குள் வைத்தார்களாம், சிகரெட் நசியாமல் இருக்க. பிறகு பிள்ளைகளைப் பிடிக்க வேண்டுமென்று சூயிங்கத்தோடு சேர்த்தார்கள். சூயிங்கத்தை விற்பதற்காகப் போட்ட அட்டை வளர்ந்து வளர்ந்து, அட்டைக்குத் துணையாகச் சூயிங்கம் வருகிற நிலையாகிவிட்டது. கடைசியில் சூயிங்கம் அட்டையில் கறை பிடிக்க வைக்கிறது என்று சேர்க்கிறவர்கள் முறைப்பட, சூயிங்கத்தையே பக்கெட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். நாங்கள் விழுங்கியது அந்தக் கடைசிக் காலத்துச் சூயிங்கம். மாமாவின் வயிற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.

கோடை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, கட்டடத்தின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் மேலே வந்தார். அவர் ஒரு கிரேக்கர், கீழ்மாடியில் தனியே இருந்தவர், கட்டடமே அவரைக் கண்டு பயந்தது. குசினித் தண்ணீர்ப் பைப் ஒழுகுகிறது என்று அப்பா மாதக்கணக்காகச் சொல்லியும் அசையாத மனிதர், அன்று என்ன நினைத்தாரோ, குறட்டோடு வந்தார். அம்மா அப்போதுதான் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், சாமித்தட்டைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

அந்த அட்டைதான் அவரிடம் இல்லாதது. நகரத்து அணியில் அந்த ஆட்டக்காரர் புதிதாகச் சேர்ந்த வருசத்து அட்டை. வீட்டுக்காரர் சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்தே சேர்க்கிறவராம். பக்கெட் பக்கெட்டாக உடைத்தும் அது மட்டும் அவர் கைக்கு வரவேயில்லை. இப்போது அது குத்துவிளக்குக்கு முன்னால், பூவும் பொட்டுமாக நிற்கிறது. அவர் நெஞ்சில் கையை வைத்தபடி நின்றதை அம்மா பார்த்தார். இவரும் கும்பிடுகிறவர்தான் போல என்று எனக்குச் சொல்லி, அவர் நெற்றியில் திருநீறு பூசி, சூயிங்கத்தில் ஒரு துண்டைக் கையில் வைத்தார். மரியாதைக்கு அவரும் விழுங்கினார். பைப் திருத்தப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜன்னல் திருத்த வந்தார். அதற்கடுத்தது கதவுப் பூட்டு. பிறகு குளியலறை ஓடு, அடுப்பு, ஹீற்றர். கோடையில் யாராவது ஹீற்றர் திருத்துவார்களா? அவர் திருத்தினார். வேலை முடியாமலே சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். அம்மா சந்தனத்தைக் குழைத்து அட்டையின் நெற்றியில் வைக்கும்போது அவர் முகம் பல் பிடுங்கக் கொடுத்தவர் முகம் போலச் சுருங்கும். ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்து, எனக்கு விளங்கும்படி மெதுவான பிரெஞ்சில், அட்டையின் முகத்தில் பூசவேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லு, கெஞ்சிக் கேட்கிறேன் என்றார். நான் அம்மாவிடம், அவருடைய ஊரில் சாமிப் படத்தின் ஓரக் கரையில்தான் பொட்டு வைப்பார்களாம் என்று மொழிபெயர்த்தேன். அம்மா பொட்டைக் கரைக்கு மாற்றினார். அடுத்த கிழமை அவர் ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமிக்குச் சாத்த உடுப்பு வந்திருக்கிறது என்று சொல்லி அட்டைக்குப் போட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

பிறகு என்னோடு பேரம் தொடங்கியது. வேறு நகரத்துக்குப் போய்விட்ட அவருடைய மகளின் சைக்கிள் ஒன்று கீழே இருந்தது. சிவப்பு நிறம், முன்னால் கூடை. அட்டையைத் தந்தால் சைக்கிள் எனக்கு. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவில் சைக்கிள் இல்லாத பிள்ளை நான் ஒருத்திதான். ஆனால் அட்டையை எடுக்கவேண்டுமென்றால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும், கேஸ் முடியுமுன் அதைச் சொல்ல முடியாது. கேஸ் முடியட்டும் என்றேன். அவர் தலையசைத்தார். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் கேஸுக்காக எங்களை விட அதிகம் ஏங்கியவர் வீட்டுக்காரர்தான்.

விசாரணைக்கு அம்மா அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அப்பாவின் கோட்டு இரவல். மாமா வெளியே நீள வாங்கில் குந்தியிருந்து நகம் கடித்தார். கேள்விகள் முடிந்து, கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி, கடைசியில் நாங்கள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அழுதார். அம்மா அழவில்லை. அன்று பின்னேரமே பொங்கி, எல்லாச் சாமிக்கும் படைத்து, மாமாவுக்கு ஒரு முழுச் சூயிங்கத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் சைக்கிளைத் துடைத்துப் படிக்கட்டடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் சாமி இல்லை அம்மா, பந்தடிக்கிறவர் என்றேன். சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும், பிள்ளை. உன்ர மாமன் வேதக்கோயில் படி ஏறுற ஆளே? பொய் சொன்னவன் விழுங்கட்டும் எண்டுதான் விழுங்க வைச்சனான்.”

எனக்கு வாய் பிளந்தது. அப்படியானால் ஏன் சாமித்தட்டில் வைத்தீர்கள் என்று கேட்டேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்த அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் மேல் பிடித்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தார்.

“இந்த ஊருக்கு வந்தாப் பிறகு என்னைப் பாத்துச் சிரிச்ச முதல் ஆள் இவர்தான். இருக்கட்டும் எண்டு விட்டன். வீட்டுக்காரருக்கு இதிலதான் கண் எண்டதும் தெரியும், கொண்டு போய்க் குடு. வெள்ளிக்கிழமையில வழமை போல வரச் சொல்லு.”

அதையெல்லாம் நின்று கேட்க எனக்கு நேரமில்லை. படிகளில் பாய்ந்து இறங்கி அட்டையைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைப் பிடித்தேன். அன்று இருட்டும்வரை விழுந்து விழுந்து ஓடிப் பழகினேன். முழங்கால் இரண்டும் உரிந்து போயின. அதைவிடச் சந்தோசமான நாள் எனக்கு அதுவரை இருந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். கையில் குறடு இல்லை. எங்கள் வீட்டில் திருத்த ஒன்றும் மிஞ்சியிருக்கவும் இல்லை. நல்ல சட்டை போட்டு, தலை சீவி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து நெற்றியைக் குனிந்து காட்டினார். அம்மா திருநீறு பூசி, கடலை கொடுத்து, கதிரையில் இருத்தினார். அவர் கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். அம்மா தமிழில் ஓம், ஓம் என்றார். பிறகு அம்மா நெடுநேரம் தமிழில் ஏதோ சொன்னார், அவர் கடலையைக் கொறித்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். பனி கொட்டத் தொடங்கிய பிறகும் வந்தார்.

அட்டைதான் கிடைத்துவிட்டதே, இந்த மனிதருக்கு இங்கே இன்னும் என்ன வேலை என்று எனக்கு ஒரே எரிச்சல். யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். சைக்கிளைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறார், கேட்க வெட்கப்பட்டு அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் முதல் வேலையாகச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவேன்.