சித்தியின் ஒல்லி லேப்டாப்

ஜில்லென்று இருந்தது அந்த மூடி. ராஜபாளையத்துக் கடை ஏசியில் ரொம்ப நேரம் கிடந்ததாலோ என்னவோ, விரல் வைத்ததும் எவர்சில்வர் தட்டைத் தொட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி...

அப்போது நான் எட்டாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ. அதற்குள் பழைய கதை எழுத வந்துவிட்டாயா என்று சிரிக்காதீர்கள். எனக்கு அது ரொம்ப தூரத்தில் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தாள். கறுப்பு கோட் போட்டிருந்தும், வருகிற கட்சிக்காரர்கள் அவளை டைப் அடிக்கிற பொண்ணு என்றே நினைத்தார்கள். அதில் அவளுக்கு எவ்வளவு வருத்தம் என்பது வீட்டில் எங்களுக்குத்தான் தெரியும். அவளுடைய சீனியர் முதன்முதலாக ஒரு கேஸை "நீயே பாரும்மா" என்று கொடுத்த வாரம், லேப்டாப் வாங்கப் போனோம்.

ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்று தடி. நல்ல ப்ராசஸர், நிறைய ரேம். இன்னொன்று ஒல்லி. ரேம் பாதிதான். பென்டிரைவ் செருக ஓட்டைகூடக் கிடையாது. அம்மாவின் போனில் ஒரு ரிவ்யூ விடாமல் படித்துவிட்டுப் போயிருந்த நான், தடிதான் என்று வாதாடினேன்.

"ஏட்டி, நான் என்ன அதுல வீடியோவா எடிட் பண்ணப் போறேன்? மனு அடிக்கப் போறேன். அதுக்கு எம்புட்டு ரேம் வேணும்?"

"அப்ப ஸ்டைலுக்குத்தானே சித்தி?"

"ஆமா, ஸ்டைலுக்குத்தான். உள்ள என்ன இருக்குன்னு கோர்ட்ல யாரு தொறந்து பாக்கப் போறா? வெளிய பாத்துதான் வக்கீலா, டைப்பிஸ்டான்னு முடிவு பண்ணுதாக."

அம்மா ஒரு கையில் தடியையும் மறு கையில் ஒல்லியையும் தூக்கிப் பார்த்தாள், பூசணிக்காய் வாங்குகிற மாதிரி. "இது என்னட்டி, அப்பளம் கணக்கா இருக்கு... ஆனா நின்னுக்கிட்டே போறவளுக்கு இதான் தோது."

ஒல்லி வீட்டுக்கு வந்தது.

கேஸ் இதுதான். மம்சாபுரத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியை, கட்டட ஓனர் காலி பண்ணச் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் பூட்டுப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கே மனுத் தாக்கல் செய்து தடை வாங்கியாக வேண்டும். எனக்குப் பள்ளி விடுமுறை. கோர்ட் பார்க்கிற ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன்.

லேப்டாப் பை என்றால் திருடன் கண்ணில் படும் என்று அம்மா அதை ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வழக்கம் போலக் கை நீட்டினார். "கொண்டா தாயி, நான் மடியில வச்சுக்கிடுதேன்." சித்தியும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். நிற்பவர் பையை உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்வது எங்கள் ஊர் பஸ்ஸில் கேள்வியே இல்லாத விஷயம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போதுதான் பார்த்தோம். அவர் மடியில் ஒரு முழு பலாப்பழம். அதற்கு அடியில் எங்கள் பை.

"உள்ள என்ன தாயி, பரீட்சை அட்டையா? பழத்தை வைக்க ரொம்ப வசதியா இருந்துச்சு."

சித்தி பழத்துக்கு அடியிலிருந்து பையை உருவினாள். "சரிம்மா, வாரோம்" என்று இறங்கிவிட்டாள். கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து மூடியைத் திறந்தபோது, ஸ்க்ரீனில் வலது பாதி முழுக்க மை கொட்டிய மாதிரி கறுப்பு...

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "பெரிய வக்கீல் வரலையா பாப்பா?"

"அவிய மதுரைக்குப் போயிட்டாக அண்ணாச்சி. நான்தான் பாக்கேன்."

"காலையில கரண்டைப் புடுங்கிட்டான் பாப்பா அந்த ஆளு. பால் அப்படியே கெட்டுப்போச்சு."

அதையும் மனுவில் சேர்க்க வேண்டும். சித்தி கையைத் துடைத்துக்கொண்டாள். டைப் அடிக்கிற பக்கத்தைச் சுருக்கி, நல்லா இருந்த இடது பாதிக்குள் தள்ளினாள். எலிப்பொந்து மாதிரி இடம். அதற்குள் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு தடவைகூட ஒல்லி திணறவில்லை. சார்ஜர் போட அங்கே பிளக் இல்லை; அது கேட்கவும் இல்லை. ரிவ்யூ எல்லாம் படித்த நான், பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தேன்.

அண்ணாச்சி செத்த நேரம் அந்தக் கறுப்பையே பார்த்தார். பொறவு எழுந்து போய் மூணு டீ வாங்கி வந்தார். "அடுத்த கடை டீ, சுமாராத்தான் இருக்கும்."

மனுவை மெயிலில் அனுப்பி, எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம். கடைக்காரர் சித்தியைக் காட்டி, "டைப் அடிக்க இங்க புதுசா வந்திருக்காங்களோ?" என்றார்.

"யோவ், அவிய எங்க வக்கீலம்மா" என்றார் அண்ணாச்சி. கொஞ்சம் கோபமாகவே.

சாயங்காலத்துக்குள் இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது. சித்தி அன்றைக்கு பஸ்ஸில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

இப்போது சித்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சொந்தமாக ஆபீஸ் ரூம் போட்டுவிட்டாள். அந்த ஒல்லி இன்னும் ஓடுகிறது. ஸ்க்ரீன் மாற்றவே இல்லை. ஒரு பெரிய பழைய மானிட்டரோடு ஒயரில் கட்டிப்போட்டிருக்கிறாள். தூக்கிக்கொண்டு போக என்று வாங்கியது, மேஜையை விட்டு அசைவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் போவதும் நின்றுபோய்விட்டது. அவளுக்கு ஸ்கூட்டி, எனக்கு டியூஷன்.

போன வாரம் காலேஜுக்கு லேப்டாப் பார்க்க அம்மாவோடு கடைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்ததை விட ஒல்லியாக வரிசையாக நிற்கின்றன. ரேம், ப்ராசஸர் எல்லாம் கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றின் மூடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்.

"ஏம்மா இப்படிப் போட்டு அமுக்குதே?" என்றார் அவர்.

"பஸ்ல போகணும்ணே" என்றேன்.