மாரியம்மா பெண் பார்த்த வீடுகள்

மாரியம்மாவைப் பற்றி நான்தான் எழுத வேண்டுமாம். பாராட்டு விழா, மண்டபம், சிறப்பு மலர் என்று எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் எல்லாம் தடபுடலாக ஏற்பாடாகிவிட்டது. செயலாளர் சேவுகன் போன் போட்டார். "துளசி, சின்ன வயசுலேருந்து அவங்களத் தெரிஞ்ச ஆளு நீங்கதானே. ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துருங்க லா," என்றார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால், என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "வயிறு எரியாம எழுது," என்கிறார். எரியத்தான் செய்கிறது. அதற்காக எழுதாமல் இருக்க முடியுமா?

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்றுநர். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் இன்னொரு கல்லூரிக்கு மாரியம்மா. பள்ளி முடித்த பிள்ளைகளில் நன்றாக ஆடக்கூடியவளாகப் பார்த்து, உபகாரச் சம்பளம் கொடுத்து, எங்கள் அணிக்குப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பிடித்து வந்தவள் தேறினால் எங்களுக்குப் பேர். ஊற்றிக்கொண்டால் பேச்சும் எங்களுக்குத்தான். இந்த வருடம் பள்ளி முடித்தவர்களில் என் மகள் ஷாமினியும் ஒருத்தி. அம்மா அணியா, மாரியம்மா அணியா என்று விளையாட்டரங்கத்துக் கேண்டீனில் தேத்தண்ணி குடிக்கிறவன்கூட என்னைக் கேட்டான். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மாரியம்மா எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டும்.

அவள் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது அங்கே போனால் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. அவள் அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். நாங்கள் இருவரும் படித்த இடைநிலைப்பள்ளியில் லாய் சார் என்று ஒருவர் இருந்தார், கூடைப்பந்துப் பைத்தியம். தமிழ்ப் பிள்ளைகள் என்றால் கபடிதான், ஓட்டம்தான் என்று எல்லாரும் ஒதுக்கிய காலத்தில் எங்கள் கையில் பந்தைக் கொடுத்த மனிதர். நான் நல்ல உயரம், முதல் ஐந்து பேரில் ஒருத்தி. மாரியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மாநில அணிக்குப் போனது நான். பேப்பரில் படம் வந்தது எனக்கு. அவள் படம் வந்ததாக ஞாபகமில்லை. வந்திருந்தால் நான் மறந்திருப்பேனா?

பிறகு இருவரும் ஒரே படிப்புத்தான் படித்தோம், ஒரே மாதிரி வேலையில்தான் சேர்ந்தோம். அப்புறம் எப்படி அவளுக்கு மட்டும் ஆளைக் கண்டுபிடிக்கிற 'கண்ணு' இருக்கிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது? அதற்குக் காரணம் பீடோரில் நடந்த ஒரு கூத்து.

பீடோரில் ஒரு போட்டி நடந்தது. அங்கே தினேஸ்வரி என்று ஒரு பெண் ஆடினாள். பள்ளி முடித்து இரண்டு வருடமாக ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். நானும் பார்த்தேன், மாரியம்மாவும் பார்த்தாள். பந்து கைக்கு வந்தால் தரையைப் பார்க்கிறாள், கூட்டம் கத்தினால் உறைந்துபோகிறாள். எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு நான் பிடித்தது கவிநயாவை. நெட்டையாக, சிங்கம் மாதிரி ஆடினாள். என் இடத்தில் யார் இருந்தாலும் கவிநயாவைத்தான் எடுத்திருப்பார்கள்.

மாரியம்மாவோ தினேஸ்வரியின் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். அம்மாக்காரி எடுத்திருக்கிறாள். "ஞாயித்துக்கெழம பொண்ணப் பாக்க வாரோம்," என்று சொல்லிவிட்டு இவள் வைத்துவிட்டாள். நம் வீடுகளில் இதற்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும்? போதாக்குறைக்குத் துணைப் பயிற்றுநர் பவித்ரனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கல்யாணம் ஆகாத பையன், ஆறடி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தானாம். காடியை விட்டு இறங்கினால் வாசலில் கோலம், உள்ளே கேசரி, வடை, சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பவித்ரனை நடு நாற்காலியில் உட்கார வைத்து, "தம்பிக்கு சொந்த வீடு இருக்கா?" என்று தாய்மாமன் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பவித்ரனே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. "அலாமா, எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சுக்கா. கோச்சப் பாத்து கண்ணக் காட்டுறேன், அவங்க வடையத் தின்னுக்கிட்டு இருக்காங்க," என்றான்.

அந்த நேரம் தினேஸ்வரி பட்டுச் சேலை கட்டி, தேத்தண்ணி கிளாஸ் அடுக்கிய தட்டோடு வந்திருக்கிறாள். பின்னால் ஓடிவந்த ஒரு வாண்டு அவள் காலில் மோதப் பார்த்தது. அவள் தட்டைத் தலைக்குமேல் தூக்கி, ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைக்கு வழிவிட்டு, அப்படியே தட்டை இறக்கி மாரியம்மா முன்னால் நீட்டினாளாம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அத்தனை பேர் பார்வை மேலே இருக்கும்போது, சேலையில்! மாரியம்மா வடையைக் கீழே வைத்துவிட்டு, "இவதான். முடிச்சிருவோம்," என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப தட்டு மாத்திக்கலாமா?" என்றாராம் தாய்மாமன்.

உண்மை தெரிந்ததும் அவர் போட்ட சத்தம் பீடோர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும் பின்பக்கமாக ஓடியிருப்பார்கள். மாரியம்மா எழுந்திருக்கவே இல்லையாம். "மன்னிச்சுக்குங்கண்ணே. ஆனா நான் பொண்ணு கேட்டுத்தான் வந்தேன். மருமகளா இல்ல, எங்க காலேஜுக்கு. ஒங்க புள்ளய எம் புள்ளயாட்டம் பாத்துக்குறேன்," என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டு வாங்கித் தின்றிருக்கிறாள். அம்மாக்காரி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அந்தத் தினேஸ்வரி தலைவியாகி அவள் அணியை இறுதியாட்டம் வரை தூக்கிக்கொண்டு போனாள். இப்போது பட்டம் முடித்து ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என் கவிநயா? முதல் வருடம் புள்ளி அள்ளினாள். அடுத்த வருடம் சிலாங்கூரிலிருந்து ஓர் அணி கூப்பிட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். நான் எடுத்தது தப்பா? அவள் ஓடினதற்கு நான் என்ன செய்வேன்? கேண்டீனில் உட்கார்ந்து கதையடிக்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது. "துளசி எடுத்தா ஒரு வருஷம், மாரியம்மா எடுத்தா நாலு வருஷம்," என்று ஒருவன் சொல்லிவிட்டான். என் காதுபடத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு மாரியம்மா அதையே வழக்கமாக்கிக்கொண்டாள். எந்தப் பெண்ணை எடுப்பதாக இருந்தாலும் சேலை கட்டி, தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ வைத்து, முறைப்படி வீட்டுக்குப் போய்க் கேட்பாள். "கங்காணி ஆள் பிடிக்கக் கெளம்பிட்டா," என்று நான் கிண்டல் செய்வேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள், அது இன்னும் எரிச்சல். நான் வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்புவேன். வேண்டுமென்றால் வா, வேண்டாமென்றால் போ. தட்டுத் தூக்கிக்கொண்டு அலைய எனக்கு ஏது நேரம்?

இவ்வளவு சொன்னேனே, அவள் சொதப்பியதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறைய உண்டு. செல்லாயி என்று ஒருத்தியைப் பெரிய நம்பிக்கையோடு எடுத்தாள். மூன்று ஆட்டம்கூட ஆடவில்லை, வீட்டு ஞாபகம் வந்து பெட்டியைக் கட்டிவிட்டாள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அந்தச் சந்தோஷத்தையும் மாரியம்மா நிலைக்கவிடவில்லை. தீபாவளி முடிந்து பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கூடும்போது அந்தச் செல்லாயியும் வருகிறாள். நாசி லெமாக் சோறு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்காருகிறாள். "இது எம் பொண்ணு," என்று மாரியம்மா எல்லாருக்கும் காட்டுகிறாள்.

"அவ மூணு ஆட்டம்கூட முழுசா ஆடலயேடி," என்றேன்.

"அதுக்கு?" என்றாள்.

இந்த 'அதுக்கு'தான் என்னால் தாங்க முடியாதது. தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்டால்தானே எங்கள் இருவரில் யார் உசத்தி என்று பார்க்க முடியும்? என்னிடம் வந்து தேறாமல் போன பிள்ளைகள் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இவளிடம் தேறாமல் போனது சோறு கட்டிக்கொண்டு வருகிறது. இது என்ன நியாயம்?

இனி ஷாமினி. என் மகள் அவள் அப்பாவைப் போல் குள்ளம். கால் வேகம் உண்டு, பாஸ் நன்றாகக் கொடுப்பாள், ஆனால் இடது கை சரியாக வராது. பயிற்றுநராகப் பார்த்தேன், வேண்டாம் என்று முடிவு செய்தேன். நாளைக்கு அவள் சரியாக ஆடாவிட்டால், தகுதியில்லாத மகளுக்குத் தாய் இடம் கொடுத்தாள் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சை அவள் எப்படித் தாங்குவாள்? சரி, நான் எப்படித் தாங்குவேன்? அதனால் அவளிடம் விளையாட்டைப் பற்றியே பேசவில்லை. கோலாலம்பூரில் கணக்கியல் படி என்றேன். "சரிம்மா," என்றாள். அவள் அப்படிச் சட்டென்று சரி சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காடி வந்து நின்றது. மாரியம்மா இறங்கினாள், பட்டுச் சேலை. பின்னால் தினேஸ்வரி, கையில் தட்டு. பாராட்டு விழாவுக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு இவ்வளவு ஜிகினாவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, "வா வா, தேத்தண்ணி போடுறேன்," என்றேன்.

"ஒன்னப் பாக்க வரலடி," என்றாள். "பொண்ணு பாக்க வந்தேன்."

"எங்க வீட்டுக்கேவா?"

"பொண்ணு எங்க இருக்கோ அங்கதானே வரணும்."

"அவ ஒயரம் தெரியுமா ஒனக்கு? எடது கை சுத்தமா வராது. அவளப் பெத்தவ சொல்றேன், கேட்டுக்க, ஊத்திக்கும்."

"ஊத்திக்கலாம்," என்றாள் மாரியம்மா, சாதாரணமாக. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "துளசி, ஒனக்குத்தான் மொத உரிமை. நீ எடுக்குறதா இருந்தா சொல்லு, இப்பவே தட்டத் தூக்கிக்கிட்டுப் போயிடுறேன். சத்தியமா வருத்தப்பட மாட்டேன்."

அர்ச்சுனன் என்னைப் பார்த்தார். சமையலறை வாசலில் ஷாமினி வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவள் தட்டோடு வந்து நின்ற பிறகு நான் சரி என்றால், மாரியம்மா காட்டித்தான் துளசிக்குத் தன் மகளைத் தெரிந்தது என்று ஆகிவிடாதா? கேண்டீனில் ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிக்க மாட்டானா?

"எனக்கு இந்த வருஷம் ஒயரமான ஆளுதான் வேணும்," என்றேன்.

ஷாமினி நடந்து வந்தாள். தினேஸ்வரி கையிலிருந்த தட்டை அவளே வாங்கிக்கொண்டாள். மாரியம்மா அவள் தலையில் பூ வைத்தாள். அர்ச்சுனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரே போய்த் தேத்தண்ணி போட்டார்.

அவர்கள் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஷாமினி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். "நீ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் எடுத்திருக்க மாட்டேனா?" என்றேன்.

"நானா வந்து கேக்கணுமாம்மா?"

"நல்லா யோசிச்சுக்க. நாளைக்கு நீ சரியா ஆடலன்னு வையி, தப்பான ஆள எடுத்துட்டாங்கன்னு ஊரே சிரிக்கும்."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். "சிரிக்கட்டும்மா. கோச்சுக்கு நான் தப்பான ஆளாவே போனாலும் பரவால்ல. என்னக் கேட்டு வந்தாங்கல்ல," என்றாள்.

கோச் என்றதும் ஒரு கணம் என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.