உயரம் கூடிய ஜீப்பும் காணாமல் போன இரண்டு மைலும்

ஜீப்பைத் தூக்கி உயரமாக்கியது எண்ணூர் மணலுக்காக. அதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. யோசனை என்னுடையது, பிடிவாதமும் என்னுடையது.

உலகச் சண்டை முடிந்து, ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டபோது வாங்கிய ஜீப் அது. அதற்கு முன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலையில் பத்து வருஷம் இருந்தேன். அதை விட்டுவிட்டு மீன் ஏற்றும் தொழிலுக்கு வந்திருந்தேன். எண்ணூர்க் கரையில் காலையில் இறங்கும் மீனை ராயபுரத்து ஐஸ் கிடங்குக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். தார் ரோட்டில் ஜீப் சிட்டாகப் பறக்கும். மணலில் இறங்கினால் அடி தட்டி உட்கார்ந்துவிடும். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளுவார்கள். தள்ளிக்கொண்டே என் பரம்பரையைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவார்கள்.

ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. இருபத்தாறு வயது. காலையில் ஜீப், சாயங்காலம் குத்துச்சண்டைப் பழக்கம், இரண்டுக்கும் நடுவில் தூக்கம் என்று வாழ்ந்த நல்ல பிள்ளை.

தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் சொல்லி, அடியில் லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்து, லாரி டயரையே மாட்டச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வண்டி கப்பல் மாரி நிக்கும் சார். ஆனா குடிக்கறதும் கப்பல் மாரி குடிக்கும்."

நான் கேட்கவில்லை. ஜீப் நிமிர்ந்து நின்றது. ஏறுவதற்கு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் மணலில் ஒரு நாள்கூட மாட்டவில்லை. அப்போதும் எனக்கு ஒரு பயம். "எதற்கும் இருக்கட்டும், எல்லா இடத்திலும் நாலு சக்கரமும் இழுக்கிற கியரிலேயே ஓட்டு" என்று மச்சினனுக்கு உத்தரவு போட்டேன்.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும் என்றிருந்த காலம் அது. மாதம் முழுக்க வந்த பெட்ரோல் இப்போது இருபத்திரண்டாம் தேதியே வற்றியது. மிச்ச நாட்களுக்கு மாட்டுவண்டிதான். அது ராயபுரம் வந்து சேரும் முன்னே மீனின் வாசனை வந்து சேர்ந்துவிடும்.

சிக்கனத்தில் இறங்கினேன். வண்டியின் கித்தான் கூரையைக் கழற்றினேன். பின் இருக்கையைக் கழற்றினேன். காற்றை எதிர்க்கிறது என்று முன் கண்ணாடியையும் கழற்றினேன். மச்சினன் ஒரு வாரம் கண்ணெல்லாம் மணலாக வந்து நின்றான். கடைசியாக, ஹாரன் அடிக்கக் கூடாது என்றேன்.

"ஹாரன் பேட்டரில அடிக்குது சார், பெட்ரோல்ல இல்ல" என்று மெக்கானிக் சிரித்தார்.

"பேட்டரி எதுலய்யா ஏறுது?" என்று கேட்டேன். அந்த வாதத்தில் ஜெயித்தது நான்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மச்சினனுக்கு இதில் மட்டும் முகம் வாடியது. "ரோட்ல மாடு வருது மாமா" என்றான். "வாய் இல்லியா? கத்து" என்றேன்.

அப்படியும் பெட்ரோல் மிஞ்சவில்லை. அடுத்த மாதக் கடைசியில் வண்டி நோட்டைப் புரட்டினேன். மச்சினன் தன் கையாலேயே தினமும் மைல் எழுதி வைத்திருந்தான். முன்பெல்லாம் போகவர இருபது மைல் என்றிருந்த இடத்தில் இப்போது பதினெட்டு. அதே எண்ணூர், அதே ராயபுரம். பெட்ரோல் கூடியிருக்கிறது, மைல் குறைந்திருக்கிறது. எனக்குத் தலைக்கேறியது.

மீட்டரின் கம்பியைக் கழற்றிவிட்டுச் சொந்தச் சவாரி போவது அந்தக் காலத்து டிரைவர்கள் சிலருக்குக் கைவந்த கலை. இரண்டு மைலுக்குக் கழற்றியவன் இரண்டு மைலோடா நின்றிருப்பான்? குத்துச்சண்டை கோஷ்டியை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருப்பான் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், திருவொற்றியூரிலிருந்து பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மச்சினனுக்குக் கல்யாணம் உறுதி செய்ய. டிரைவருக்குப் பெண் கொடுக்கிறவர் முதலில் கேட்பது கை சுத்தமா என்பதைத்தான். அதை முதலாளியிடம்தான் கேட்பார். முதலாளி நான்.

வெள்ளிக்கிழமை மச்சினன் வந்ததும் வராததுமாகப் பிடித்தேன்.

"கம்பியக் கயட்டிட்டு எங்கடா போன?"

"இன்னா மாமா சொல்ற? நான் எங்கயும் போல."

"அப்ப ரெண்டு மைலு எங்க போச்சு? கடல்ல வுயுந்துச்சா?"

அவன் கை முஷ்டியாக மடங்கியது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அந்தக் கை விழுந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சாவியை ஆணியில் மாட்டினான்.

"திருடன்னு நெனச்சிகினு நீ குடுக்கற வண்டி எனக்கு வாணாம் மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை என் மனைவி சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாட்டு மூட்டையைப் பிரித்து டப்பாவால் அளந்துகொண்டிருந்தாள். பொடிக் கருவாடு விற்பது அவள் தொழில். அளந்து முடித்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"போன வாரம் இதே மூட்ட பழைய டப்பால நூறு வந்துச்சு. இன்னிக்குப் புது டப்பால தொண்ணூறுதான். பத்து டப்பாவ எந்தம்பி துன்னுட்டானா?"

"டப்பா பெருசுடி" என்றேன்.

"டயரு?" என்றாள்.

நான் துள்ளி எழுந்தேன். வலை பின்னும் கயிற்றை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினேன். எங்கள் பழைய டயர்கள் அங்கே ஒரு படகின் பக்கத்தில், மற்ற படகு வந்து இடிக்காமலிருக்கத் தொங்கின. ஒன்றைச் சுற்றி அளந்து கயிற்றை வெட்டினேன். வீட்டுக்கு வந்து ஜீப்பின் டயரைச் சுற்றி இன்னொரு கயிறு. இரண்டாவது கயிறு முதலாவதைவிட ஒரு சாணுக்கு மேலேயே நீளம். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாண் கூடப் போகிறது. மீட்டரோ சுற்றை மட்டும் எண்ணுகிறது. சந்தேகம் தீர, மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, மைல் கல்லை எண்ணிக்கொண்டே போனேன். பத்தாவது கல்லில் மீட்டர் ஒன்பது காட்டியது. பத்து வருஷம் மூட்டை எண்ணியவன் மூட்டையின் அளவைப் பார்க்காமல் எண்ணியிருக்கிறேன்.

"சரி, பெட்ரோல் ஏன்யா அதிகம் குடிக்குது?" என்றேன். விடுவேனா?

"பெரிய டயரு, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். ஆனா தார் ரோட்ல நாலு சக்கரத்தையும் இழுக்கவுட்டு ஓட்டச் சொன்னது யாரு? மணலுக்காக டயர்ல காத்த எறக்கினா, ரோட்டுக்கு வந்ததும் திரும்பி அடிக்க வாணாமா? ஒரு பம்பு வாங்கிக் குடுத்தியா?"

வாங்கிக் கொடுக்கவில்லை. எடை கூடும் என்று பழைய பம்பையும் வண்டியிலிருந்து இறக்கியவன் நான்தான். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. குத்துச்சண்டை பழகும் கொட்டகைக்குப் போய்த் தேடினேன். மச்சினன் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். கட்டுமரத்தில் போகிறவர். கையில் வெற்றிலை பாக்கு இல்லை. பாயில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"ஒங்க மச்சினன் நேத்தே எங்க வூட்டுக்கு வந்தாரு. 'எங்க மாமாக்கு எம்மேல சந்தேகம் கீது, அது தீர்ற வரிக்கும் கல்யாணம் பேச வாணாம்'னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. இன்னா சந்தேகம் நைனா?"

எதையாவது சொல்லி நான் மழுப்பியிருக்கலாம். ஆனால் அவனே மறைக்காததை நான் எப்படி மறைப்பது? இரண்டு கயிறுகளையும் பாயில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "திருடினது டயரு. அத மாட்டுனது நான்" என்றேன்.

அவர் இரண்டு கயிறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைத்து, மிச்சத்தைத் தன் கையால் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எங்க வூட்டாண்ட ஹாரன் சத்தம் நின்னு போச்சே, அதுவும் ஒங்க வேலதானா? எம்பொண்ணு ஒரு மாசமா தெனமும் வாசலுக்கு வந்து வந்து ஏமாந்துகினு கீது."

உள்ளே என் மனைவி சிரித்தது தெருவுக்கே கேட்டது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். சாவியை ஆணியிலிருந்து எடுத்து நானே நீட்டினேன். "தப்பு எம்மேலடா. மன்னிச்சுடு" என்றேன். அவன் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளிக்கு நீயும் வா மாமா" என்றான்.

மறுநாள் முன் கண்ணாடியும் புதுப் பம்புமாகக் கிளம்பினோம். தார் ரோட்டில் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்க ஜீப் லேசாக ஓடியது. திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தான். ஹாரன்மேல் கை வைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ அடி மாமா."

எட்டி அழுத்தினேன். கதவு திறந்தது. ஆவலோடு ஓடி வந்த பெண், ஹாரன்மேல் என் கையைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.