நடுவில் ஆஃப் உள்ள சுவிட்ச்

பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் தமிழ் மெதுவாகத்தான் படிக்க வரும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தேன். ஒரு நாள் முதலாளி சர்தார்ஜி போனை வைத்துவிட்டு, "ஜல்தி ஜா பாய், சீக்கிரம் போ! மோதி பாக்கில் உங்க ஊர்க்காரர் வீட்டில் புது ஆம்ப் போச்சாம்" என்று இந்தியில் சொன்னார்.

போனேன். ஆவுடையப்பன் சார், திருநெல்வேலிக்காரர், அரசாங்க குவார்ட்டர்ஸ். முன்னறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குத்தான் இடம். ஆம்ப்ளிஃபயரோ இரண்டு. ஒன்று அவர் டி.வி.க்காக வாங்கிய புதியது. மற்றது பழைய வால்வு செட். அவர் மனைவி கோமதியம்மாவின் அண்ணன் தன் கையால் அசெம்பிள் செய்தது. அண்ணன் இப்போது இல்லை.

"இவிய செஞ்ச வேலையைப் பாத்தியளா தம்பி? எங்கண்ணன் செட்டுக்கு ஏதாவது ஆச்சு, இவியளையும் புதுசோட சேத்து பால்கனியில வச்சிருவேன்" என்றார் கோமதியம்மா.

"நான் என்ன செஞ்சேன்? நம்ம இன்வெர்ட்டர் மாதிரிதான் மாட்டுனேன்" என்றார் சார்.

அங்கேதான் கோளாறு. டெல்லியில் கரண்ட் போகாத வீடு கிடையாது. அவர் வீட்டு இன்வெர்ட்டரில் லைனுக்கும் இன்வெர்ட்டருக்கும் நியூட்ரல் பொது. ஃபேஸை மட்டும் சுவிட்ச் மாற்றும். அதைப் பார்த்து இவரும் இரண்டு ஆம்பிலிருந்தும் ஸ்பீக்கருக்குப் போகும் கறுப்பு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, சிவப்புக்கு மட்டும் சுவிட்ச் வைத்திருந்தார்.

நான் புது ஆம்பைத் திருப்பி வைத்தேன். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்க எழுத்தை வாசித்தார். கறுப்பு முனைகளை ஒன்றோடொன்றோ ஆம்பின் உலோகப் பெட்டியோடோ சேர்க்காதே என்று அச்சடித்திருந்தது. அந்த மாடலில் கறுப்பும் எர்த் அல்ல, அதிலும் சிக்னல் வரும்.

"அடப்பாவி, வாங்குன அன்னைக்கே இதைப் படிச்சிருக்கலாம்" என்றார்.

நல்லவேளை, ஃப்யூஸ் மட்டும்தான் போயிருந்தது. அதை மாற்றினேன். கடையிலிருந்து நாலு வயருக்கான சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கொண்டுவந்து, இரண்டு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு நாலு வயரும் சேர்ந்தே மாறும்படி போட்டேன். நடுவில் ஆஃப்.

"நடுவுல எதுக்குப்பா ஆஃப்?"

"ஒண்ணை முழுசா விட்டுட்டுத்தான் சார் இன்னொண்ணைத் தொடணும். திருப்புறதுக்கு முன்னாடி ரெண்டையும் அணைச்சிடுங்க. வால்வு செட்டை ஸ்பீக்கர் இல்லாம ஓட விட்டா அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிடும். இப்ப அது கிடைக்காது."

"கேட்டியளா? நடுவுல ஒரு ஆஃப். உங்க வாய்க்கும் ஒண்ணு கேளுங்க தம்பிகிட்ட" என்றார் அம்மா.

பழைய செட்டை ஆன் செய்தேன். வால்வு சிவக்க நேரமெடுத்தது. அம்மா முந்தானையைப் பிடித்தபடி நின்றார். முதலில் லேசான இரைச்சல். பிறகு பாட்டு வந்தது. அவர் உள்ளே போய் எனக்குக் காபி போட்டார்.

சில வருடம் கழித்து சார் வேறொரு ஆம்ப் வாங்கினார். கடைக்குப் போன் வந்தது.

"தம்பி, இதுல அந்த எச்சரிக்கை இல்ல. இருந்தாலும் பின்னாடி எழுதினதை முழுசா வாசிக்கேன், கேட்டுக்கிடுங்க. அதுக்கப்புறந்தான் வயரைத் தொடுவேன். கோமதி பக்கத்துலயே நிக்கா."

பிள்ளைகளே, ஒரு இடத்தில் சரியாக இருந்த வயரிங் இன்னொரு இடத்துக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பின்பக்கம் படியுங்கள்.