முன்னால் கொடிக்காரர், பின்னால் இஞ்சின்

குன்னூர் போயிருக்கும் மகள் காலையிலிருந்து மலை ரயில் படங்களாக அனுப்பித் தள்ளுகிறாள். எல்லாவற்றிலும் இஞ்சின்தான். எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு படம், அதிலும் இஞ்சின் கிடையாது. அந்தக் கூத்தை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். திருபுவனை ஃபாக்டரியில் வேலை செய்த நாங்கள் பஸ் பிடித்து ஊட்டிக்குக் கிளம்பினோம். பக்கத்து மெஷினில் நின்ற சவரி மட்டும் வரவில்லை. அவன் அப்பா வில்லியனூர் ரயில் லைனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருந்தவர். சர்க்கரையால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். சவரி, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான தன் சித்தப்பாவின் கேமராவை வாங்கிவந்து என் கையில் திணித்தான்.

"மலை ஏறுற இஞ்சினப் பாக்கணும்னு அப்பாவுக்கு ரொம்ப நாளா ஆசைடா. ஒண்ணே ஒண்ணு புடிச்சாந்துடு."

நண்பர்கள் ஊட்டி ஏரிக்கரையிலேயே போஸ் கொடுத்து ரோலைத் தீர்த்துவிட்டார்கள். சண்டை போட்டு ஒரு படத்தை மிச்சம் பிடித்தேன். திரும்பும் வழியில், கல்லாறு பக்கம் பஸ்ஸை நிறுத்தி, தண்டவாளம் வளையும் இடத்தில் காத்து நின்றேன். ஈர மண் வாசனையோடு கரிப்புகை வந்தது. எங்கள் வில்லியனூர் ஸ்டேஷன் வாசனை. கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

வளைவில் முதலில் வந்தது பெட்டி. இஞ்சினைக் காணோம். எங்கள் ஊரில் இஞ்சின் முன்னால்தான் வரும். "வண்டி கழண்டுகிச்சுபா" என்று கத்தினேன். கழன்ற பெட்டி மேட்டில் ஏறுமா என்று யோசிக்கிற அளவுக்கு மூளை இல்லை. பதற்றத்தில் விரல் பட்டனை அமுக்கிவிட்டது. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மொத்த ரயிலையும் தள்ளிக்கொண்டு இஞ்சின் வந்தது. ரோல் தீர்ந்த கேமராவோடு வாயைப் பிளந்து நின்றேன்.

கழுவி வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சவரி வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"முன்னால நிக்கிறது யாருப்பா?"

"பெட்டி முகப்புல நின்னு பிரேக் புடிக்கிற ஆளாம்பா. கையில கொடி வச்சிருக்காரு. இஞ்சின்தான் விட்டுப்போச்சு, மன்னிச்சுடுங்க."

அவர் அந்தக் கொடியை விரலால் தொட்டார். பிறகு சிரித்தார்.

"நானும் இத்தினி வருசம் லைன்ல கொடி புடிச்சேன். எங்கள எவன்டா படம் புடிச்சான்? இது போதும்பா எனக்கு."

படம் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறியது. வருகிறவர்களுக்கெல்லாம், "இஞ்சின் பின்னால இருக்குது, வந்துடும்" என்பார். வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போது மகளுக்குப் போன் போட்டு, முன்னால் கொடியோடு யாராவது நிற்கிறார்களா என்று கேட்டேன்.

"நிக்கிறாருப்பா. இஞ்சினப் பாக்குற அவசரத்துல அவர எடுக்கல. நாளைக்கு எடுத்து அனுப்பறேன்."

சவரியின் அப்பா போய்விட்டார். வில்லியனூரில் கரிப்புகையும் இல்லை, அந்தப் பழைய மீட்டர்கேஜ் லைனும் இல்லை. மலையில் கொடிக்காரர் இன்னும் முன்னால்தான் நிற்கிறாராம்.