மூன்றாம் தரம் கூப்பிட்டது

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வந்தால் என் வேன் கன்னியர் மடத்துச் சிஸ்டருக்குச் சொந்தம். தனித்துக் கிடக்கும் ஆட்களைத் தேடி அவர் பொதி கொண்டு போவார், நான் ஓட்டுவேன். மருதமுனையில் எங்கட முஸ்லிம் ஆட்கள், "என்ன காக்கா, இந்த முறையும் நத்தார் தாத்தா நீங்கதானா?" என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

அந்த வருசம் கடைசிப் பொதி நாவிதன்வெளிக்கு அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு வீட்டுக்கு. வழி கேட்ட கடைக்காரர் தலையாட்டினார்.

"அங்க ஆள் இல்ல. போன வருசமும் ஒரு கூட்டம் வந்து, கூப்பிட்டுப் பாத்திட்டுத் திரும்பிப் போனாங்க. விளக்கு மட்டும் எரியும்."

"விளக்கு தானா எரியாது," என்று சொல்லிச் சிஸ்டர் வேனில் ஏறிவிட்டார்.

எனக்குக் கோபம்தான். மார்கழி மழை, சேறு, டயர் வேறு புதைந்தது. போய்ச் சேரும்போது பொழுதுபட்டு மஃரிபு தொழுகை நேரம். சிஸ்டர் சேற்றில் நடக்க முடியாமல் வேலியடியில் நின்றுவிட்டார். பொதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். ஈர முற்றத்தில் ஒரு காலடி கூட இல்லை. ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது.

"அம்மா!"

தவளைகள் சட்டென்று நின்றன. மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. ஆனால் பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பயந்துபோனேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். ஓதிக்கொண்டே திரும்பி நாலு எட்டு வைத்தேன். பிறகு கோபம் வந்தது. இவ்வளவு சேற்றில் சுமந்து வந்த அரிசியையும் கேக்கையும் திருப்பிச் சுமப்பதா?

"அம்மா!" என்று மூன்றாம் தரமும் கத்தினேன்.

கதவு படாரென்று திறந்தது. வயதான ஒரு பெண், தாழ்ப்பாளில் கை வைத்தபடியேதான் நின்றிருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திட்டியா மகன்!"

பிறகு என் தொப்பியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. ஒரு நல்ல காரியம் செய்யப் போய் நான் அவ்வளவு குன்றிப்போனது அன்றுதான்.

சிஸ்டரையும் கூட்டிவந்து இருத்தி, பாலில்லாத வெறுந்தேத்தண்ணி தந்தார். மகன் யுத்தப் பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போனவன், திரும்பவில்லை. இப்போது பொழுதுபட்டால் வெளியே நின்று கூப்பிடுகிறானாம்.

"ரெண்டு தரம் கூப்பிடுவான். ரெண்டு தரத்துக்குத் திறக்கப்படாது, தம்பி. பேயும் ரெண்டு தரம் கூப்பிடும். மூணாந்தரம் மனிசர்தான் கூப்பிடுவாங்க."

எங்கட வீடுகளிலும் சொல்வதுதான். நான் அதை நம்புகிறவன் இல்லை.

அப்போது வயல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்மா" என்பது போல, நீளமாக.

"மயில்," என்றேன். சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுபடியும் வந்தது, இந்த முறை கிட்டத்தில். அம்மா எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். மயில் என்று சொன்ன நானே, இன்னொரு தரம் கூப்பிடு, கூப்பிட்டிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். மழைதான் பெய்தது.

அவர் கையை எடுத்தார். அழவில்லை. பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"வாற வருசமும் வாங்க தம்பி. வந்தா கதவத் தட்டுங்க, திறப்பன். மூணாந்தரம் மட்டும் கூப்பிடாதீங்க. அது அவன் கூப்பிடுறதுக்குக் கிடக்கட்டும்."