கல்யாண மண்டப வளைவில் ரெண்டு தார் டிரம்

மைதா பசை கொதிக்கும்போது ஒரு வாசம் வரும். பாதி கஞ்சி வாசம், பாதி பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் மயில்துத்தத்தின் நெடி... சிவகாசிப் பக்கத்து வீடுகளில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கொதித்த பசை வெடிக்குழாய் உருட்ட இல்லை. ரோட்டுக்கு.

நான் பி.காம். முடித்திருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நல்ல வேலை கிடைக்கும்வரை ஒரு அச்சகத்தில் லேபிள் செக்கிங் போய்க்கொண்டிருந்தேன். அம்மா தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலை ஆறேகாலுக்கு கம்பெனி வேன் வரும். எங்கள் தெரு ரோட்டுக்கு மேற்கே, வேன் நிற்பது கிழக்கே, கல்யாண மண்டப வளைவில். பதினாலு பெண்கள் தூக்குவாளியோடு கடக்க வேண்டும். லோடு லாரிகள் அந்த வளைவில் வேகம் குறைத்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாரியக்காவை ஒரு பைக் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் அம்மாவோடு ரோடுவரை போவேன். அவள் வேனில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

"நீதான் படிச்ச புள்ள, எழுதிக் குடு தாயி" என்றார்கள் வேனுக்குப் போகும் பெண்கள். வேகத்தடை கேட்டு மனு எழுதினேன். பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் பயம். பேரூராட்சி ஆபீசில் மனுவை நீட்டத்தான் முடிந்தது, வாயைத் திறக்க முடியவில்லை. எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு அக்கா. பேசுவதெல்லாம் அவங்க வீட்டுக்காரர்.

"அது ஹைவேஸ் ரோடும்மா. நாம தொட முடியாது. தீர்மானம் போட்டு அனுப்பியாச்சு, வரும்."

வந்தது... ரெண்டு காலி தார் டிரம். தற்காலிக ஏற்பாடாம். வளைவில் நடுரோட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். கறுப்பு ரோட்டில் கறுப்பு டிரம். மார்கழிப் பனியில் எங்களுக்கே தெரியவில்லை.

"இருந்த எமன் பத்தாதுன்னு இன்னும் ரெண்டு எமனைக் கொண்டாந்து நிறுத்திருக்காக" என்றாள் மாரியக்கா, கட்டுப் போட்ட கையோடு.

அச்சகத்தில் கழித்துப் போட்ட லேபிள் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். வெள்ளி மினுக்குத் தாள், லைட் பட்டால் கண் கூசும். கேட்டு வாங்கி வந்தேன். ஞாயிறு மத்தியானம் பசை வாளியோடு எல்லோரும் போய், டிரம்மில் கறுப்பே தெரியாமல் சுற்றி ஒட்டினோம். சாயங்காலம் ஒரு பஸ் திரும்பியபோது ரெண்டும் தகதகவென்று மின்னின.

"ஏ, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்குதுல்ல!" என்று மாரியக்கா சொன்னதும் எல்லோரும் சிரித்தோம்.

திங்கள் காலை போனால், வளைவுக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிறது. அதன் பின்னால் பஸ். அதன் பின்னால் ஒரு பெரிய வரிசை. எதிர்ப்பக்கமும் அப்படியே. லாரி டிரைவர் வெளியூர்க்காரர். இறங்கித் தூரத்தில் நின்றுகொண்டு கத்துகிறார்.

"யாருங்க நடுரோட்டுல வெடிமருந்தக் கொண்டாந்து வச்சது?"

எங்களுக்குப் புரியவே இல்லை. திரும்பி டிரம்மைப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் சிவப்பில், கொட்டை எழுத்தில்... 'அபாயம். வெடிபொருள். நெருப்பை அருகில் கொண்டுவராதீர்.'

பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள். என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர், ரெண்டு மணி நேரம் தடவித் தடவி ஒட்டியிருக்கிறோம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. தினமும் அந்த எழுத்துக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது பூ டிசைன் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னமோ செய்யும்.

எஸ்.ஐ. வந்தார். கவுன்சிலர் அக்காவும் வீட்டுக்காரரும் வந்தார்கள்.

"எவ பாத்த வேலை இது?" என்றார் வீட்டுக்காரர்.

மாரியக்கா முன்னால் போய் நின்றாள். "நாந்தான்யா, இந்த ஒத்தக் கையால ஒட்டுனேன். பிடிச்சிட்டுப் போங்க, வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லுங்கம்மா."

நான் மாரியக்காவுக்கு முன்னால் வந்து நின்றேன். "நான்தான் சார். என்ன எழுதிருக்குன்னு பாக்கல. எங்கம்மா தினமும் இங்கனதான் கடக்கணும். வண்டி நின்னு போகணும்னுதான் சார் ஒட்டுனேன்."

வீட்டுக்காரர் என்னமோ சொல்ல வந்தார். கவுன்சிலர் அக்கா முந்திக்கொண்டார்.

"நீங்க சும்மா இருங்க. நாம வச்ச டிரம்முக்கு ஒரு வண்டி நின்னுச்சா? இந்தப் புள்ள ஒட்டுன தாளுக்கு அம்புட்டு வண்டியும் நிக்குது." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னத்தா பாத்துக்கிட்டு நிக்கீக? வேன் காத்துக் கெடக்கு, கடந்து போங்க."

கை சேரும்வரை வேலைக்குப் போகாத மாரியக்காவைத் தவிர எல்லாப் பெண்களும் கடந்தார்கள். ஓடாமல், பேசிக்கொண்டு, ஏதோ அவர்களுடைய சொந்த ரோடு மாதிரி. அம்மா மட்டும் நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நாலு பேர் முன்னால் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

எஸ்.ஐ. சொன்னபடி அந்தத் தாளையெல்லாம் சுரண்டி எடுக்க எனக்கு மத்தியானம் ஆனது. அடுத்த பேரூராட்சிக் கூட்டத்தில் என் மனுவைக் கவுன்சிலர் அக்காவே எழுந்து வாசித்தாராம். தை முடிவதற்குள் வேகத்தடை வந்தது, வெள்ளைக்கோட்டோடு.

இப்போது நான் சென்னையில் ஒரு ஆபீசில். ஊர்ச் செய்தியெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். வேகத்தடை போய்விட்டது, மஞ்சள் லைட் ஒன்று விட்டு விட்டு எரிகிறதாம். அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள். முன்னைவிட ரெண்டு மடங்கு ரோட்டை, முன்னைவிட மெதுவாகக் கடக்கிறாள்.

கடக்கும்போது போனை எடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆறேகாலுக்கு வேனில் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் தருவாள். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் சாயங்காலம்வரை அது ஒன்றுதான்.

சில நாள் ஆறு இருபத்தைந்து ஆகிவிடும்... அந்தப் பத்து நிமிஷம் என் ரூமில் இருக்கும் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.